இருபத்தைந்தாவது விநாடி

கடிதம் வந்து சேர்ந்த நேரம் மாலை ஐந்து மணி இரண்டு நிமிடம் இருபத்தொரு விநாடி.

அதை எழுதியவன் ஐந்து மணி ஏழு நிமிடத்துக்குத் தன் அலுவலக வாசலில் லாரியில் அடிபட்டு இறந்தான். இடையில் ஐந்து நிமிடம் கூட இல்லை. அந்த நேரத்துக்குள் என்ன நடந்தது என்று கண்டுபிடித்துத் தரச் சொல்லித்தான் அவன் மனைவி துப்பறிவாளரைத் தேடி வந்திருந்தாள்.

கடிதம் மின்னஞ்சலில் வந்தது. அதை அவள் தாளில் அச்சடித்து நான்காக மடித்து வைத்திருந்தாள்.

'நான் கிளம்புகிறேன். பத்து வருடமாகச் சொல்ல நினைத்தது. நீ நல்லவள். அதுதான் கஷ்டம். தேட வேண்டாம்.'

போலீஸ் இதைப் படித்துவிட்டு, அவனே போய் லாரியில் விழுந்தான் என்று எழுதி முடித்தது. அவனுடைய அக்கா இதைப் படித்துவிட்டு, தம்பி மனைவியை வாசற்படி ஏறவிடவில்லை. "என் தம்பியைப் பத்து வருஷமா என்ன பாடு படுத்தினே?" என்று தெருவில் நிறுத்திக் கேட்டாள்.

"போன உயிரு போனதுதான் சார்" என்றாள் மனைவி. "என்னை விட்டுட்டுப் போனாரா, இல்லையா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

பன்னிரண்டாம் நாள் துப்பறிவாளர் அந்த அலுவலகத்துக்குப் போனார். கூடவே குண்டூசியும் போனாள். குண்டூசி அவருடைய உதவியாளர். நாற்பது வயது, ஒல்லி, எங்கே குத்தினால் வலிக்குமோ அங்கே குத்துவாள். பெற்றவர்கள் வைத்த பெயரை அவளே எப்போதாவதுதான் நினைத்துக்கொள்வாள்.

மூன்றாம் மாடி. லிஃப்ட் வர நேரமானது.

"இங்க என்ன சார் பண்றாங்க?"

"மெயில் சேவை. அதோட கூட என்னென்ன வசதி வெச்சா ஜனங்களுக்கு உதவும்னு பாக்கறாங்க. வேணும்னா சேத்துக்கலாம், வேண்டாம்னா விட்டுடலாம்."

"நம்ம ஆபீஸ்ல ஃபேன் மாதிரி."

"சட்டைக்குப் பை மாதிரி."

"எனக்கு ஒரே ஒரு வசதி போதும். எங்க மாமியார் அனுப்பற மெயில் தானா தொலையணும்."

"அவங்களும் அதே வசதியைத்தான் கேட்டிருப்பாங்க" என்றார் துப்பறிவாளர். லிஃப்ட் வந்தது.

அவன் மேஜையை யாரும் தொடவில்லை. தொட யாருக்கும் மனம் வரவில்லை போலும். குடை, திறக்காத தண்ணீர் பாட்டில், காலி சாப்பாட்டு டப்பா. விசைப்பலகையின் மேல் ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு பக்கக் கம்பி மடங்கியபடி.

"டப்பாவைக் கூட எடுத்துக்காமப் போனான்னு போலீஸ் எழுதியிருக்கு" என்றாள் குண்டூசி. "சாகப் போறவனுக்கு டப்பா எதுக்குன்னு கேக்கறாங்க. நியாயம்தானே?"

"கண்ணாடியையும் விட்டுட்டுப் போயிருக்கான். அவ்வளவு அவசரம் எதுக்கு? சாவு எங்கயும் ஓடிப்போயிடாதே."

குண்டூசி கண்ணாடியை எடுத்துத் தன் கண்ணுக்கு முன் பிடித்தாள். உடனே இறக்கினாள். "தலை சுத்துது. இது இல்லாம அவனுக்கு எதிர்ல யானை வந்தாலும் தெரிஞ்சிருக்காது."

"ஜன்னல் வழியா பாரு. பஸ் எங்க நிக்குது?"

"இந்தப் பக்கம்."

"டாக்ஸி?"

"அந்தப் பக்கம். ரோட்டைத் தாண்டணும்."

"அவன் தினமும் பஸ்ல போறவன். அடிபட்டது நடு ரோட்டுல. அடுத்தது, அந்த ரெண்டு போன் கால்."

அது போலீஸ் தாளிலேயே இருந்தது. ஐந்து மூன்றுக்கு ஒரு முறையும் ஐந்து நான்குக்கு ஒரு முறையும் மனைவியை அழைத்திருக்கிறான். அவள் எடுக்கவில்லை. அவள் மருத்துவமனையில் அறுவைக் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்கிறவள். ஆறு மணிக்கு வேலை முடியும்வரை போன் லாக்கரில் இருக்கும்.

"கடைசியா ஒரு தடவை குரலைக் கேக்க நினைச்சிருப்பான்" என்றாள் குண்டூசி.

"ஆறு மணிக்கு முன்னாடி அவ எடுக்கமாட்டான்னு பத்து வருஷமா தெரிஞ்சவன் அவன். தெரிஞ்சும் ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கான்."

"அது பாசம் சார்."

"பதட்டம்."

இழுப்பறையில் ஒரு குறிப்பேடு இருந்தது. சின்னக் கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. துப்பறிவாளர் நின்றபடியே படித்தார்.

'படித்த அறிவிப்பு: நாம் அனுப்பியதை யார் படித்தார், யார் படிக்கவில்லை என்று காட்டுகிறது. வேண்டாம். இதைத் தெரிந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கியவர் யாரும் இல்லை.'

'பிறகு அனுப்பு: வேண்டும். மறுநாள் காலையில் படித்தால் பாதிக் கோபம் எழுத்துப் பிழை.'

'தானாகப் பதில்: வேண்டாம். கிளி வளர்ப்பது மேல்.'

'சுற்றறிக்கைக் கட்டு: அலுவலகச் சுற்றறிக்கைகளைச் சேர்த்து வைத்து மாலை ஆறு மணிக்கு ஒரே கட்டாகத் தருகிறது. வேண்டும். ஆறு மணி வரை அமைதி.'

"நல்லா எழுதறான்" என்றாள் குண்டூசி. பிறகு திருத்திக்கொண்டாள். "எழுதினான்."

கடைசிப் பக்கம் அவன் இறந்ததற்கு முதல் நாள் எழுதியது.

'அனுப்பியதை நிறுத்து: அனுப்பிய கடிதம் முப்பது விநாடி நம் கையில் நிற்கிறது. அதற்குள் நிறுத்தலாம். இருபது நாள். இருபத்தைந்தாவது விநாடியில் அழுத்தினேன். ஒரு நாளும் ஏமாற்றவில்லை. நாளை முடிவு எழுதலாம்.'

"நாளைன்னு எழுதி வெச்சுட்டு எவன் சார் சாவான்?"

"செத்தவங்கள்ல பாதிப் பேர் நாளைன்னு எழுதி வெச்சவங்கதான்."

பக்கத்து மேஜையில் ஒரு பெண் வேலை செய்வதுபோல் உட்கார்ந்திருந்தாள். இவர்கள் வந்ததிலிருந்து அவள் விரல்கள் ஒரு எழுத்தும் தட்டவில்லை. துப்பறிவாளர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"இருபது நாள் எதை அனுப்பி எதை நிறுத்தினாரு?"

அவள் சுவரைக் காட்டினாள். கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'போனால் வீடு இடியும் கடிதத்தை வைத்துச் சோதி.'

"இதுதான் எங்க விதி. முன்னாடி எல்லாரும் 'வணக்கம், சோதனை' அப்படின்னு அனுப்புவோம். எல்லா வசதியும் பிரமாதம்னு எழுதிக் கொடுப்போம். வாங்கினவங்க திட்டினாங்க. பயம் இல்லாம அழுத்தினா பட்டன் கைக்கு எட்டுதா இல்லையான்னே தெரியாது சார். அதனால நிஜமாவே போகக் கூடாத கடிதமா எழுதி, நிஜமான ஆளுக்கே அனுப்பி, நிறுத்தணும். தினமும் அஞ்சு மணிக்கு."

"நீங்க என்ன எழுதுவீங்க?"

"ராஜினாமா. மேலாளருக்கு. அவரைப் பத்தி நினைக்கறதெல்லாம் சேத்து." அவள் கொஞ்சம் சிரித்தாள். "தினமும் அஞ்சு மணிக்கு வேலையை விட்டுடுவேன். அஞ்சு மணி இருபத்தஞ்சு செகண்டுக்குத் திரும்பச் சேந்துடுவேன்."

"அவரு என்ன எழுதினாரு?"

"ஒருத்தர் கடிதத்தை ஒருத்தர் பாக்கமாட்டோம். அது குளியலறை மாதிரி."

"அன்னிக்கு அஞ்சு மணிக்கு என்ன பாத்தீங்க?"

"திடீர்னு எழுந்து ஓடினாரு. லிஃப்ட்டுக்குக் கூட நிக்கலை, படியில ஓடினாரு. வயிறு சரியில்லையோன்னு நினைச்சேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சிரிச்சேன் சார். அவரு ஓடினதைப் பாத்து நான் சிரிச்சேன்."

"அன்னிக்கு அவரு மனைவிக்கு ஒரு கடிதம் போயிருக்கு. இதையெல்லாம் போலீஸ்கிட்ட சொன்னீங்களா?"

"எங்ககிட்ட யாரும் எதுவும் கேக்கலை. மேலாளர் ரூம்லயே பேசிட்டுப் போயிட்டாங்க. கடிதம்னு ஒண்ணு இருக்குன்னே எனக்கு இப்பத்தான் தெரியும்."

அவன் கணினியை அவள் திறந்து கொடுத்தாள். நிறுத்திய கடிதங்கள் எல்லாம் ஓர் ஓரத்தில் கிடந்தன. இருபது. எல்லாம் மனைவிக்கு. எல்லாவற்றிலும் அதே ஐந்து வரி. ஒவ்வொன்றின் கீழும் அனுப்பிய நேரம், நிறுத்திய நேரம். நடுவில் இருபத்தைந்து விநாடி, ஒரு நாள் இருபத்தாறு.

குண்டூசி துள்ளினாள். "சார், இது டெஸ்டு! அவன் எங்கயும் போகலை. வாங்க, அந்தம்மாகிட்ட ஓடலாம்."

"உக்காரு. இருபது நாள் நிறுத்தினவன் இருபத்தோராம் நாள் ஏன் நிறுத்தலை? போலீஸ் அதைத்தான் கேக்கும். அவனோட அக்கா அதைத்தான் கேப்பாங்க. இருபது நாள் ஒத்திகை பாத்தான், இருபத்தோராம் நாள் துணிஞ்சுட்டான்னு சொல்லுவாங்க."

குண்டூசி உட்கார்ந்தாள்.

துப்பறிவாளர் இருபத்தொன்றாவது கடிதத்தைத் திறந்தார். அனுப்பிய நேரம்: ஐந்து, இரண்டு, பதினொன்று. வெளியே போன நேரம்: ஐந்து, இரண்டு, இருபத்தொன்று.

விரலை அந்த வரியின் மேல் வைத்தார். "எண்ணு."

"பத்து" என்றாள் குண்டூசி. "பத்து செகண்டுலயே போயிடுச்சா? முப்பதுன்னு எழுதியிருக்கானே."

"நிறுத்தவே கூடாதுன்னு அவன் நினைச்சிருந்தாலும் அது முப்பதுலதான் போகணும். இவன் இருபத்தஞ்சுக்குக் காத்துக்கிட்டிருந்தான். கதவு பத்துலயே சாத்திடுச்சு."

பக்கத்து மேஜைப் பெண்ணின் முகம் வெளிறியது.

"அன்னிக்குத்தான் மாத்தினாங்க" என்றாள். "முப்பதைப் பத்தாக்கியாச்சுன்னு மேலாளர்கிட்டேர்ந்து சுற்றறிக்கை வந்துது. நான் எட்டாவது செகண்டுலயே அழுத்திட்டேன். அவரும் படிச்சிருப்பாருன்னு..."

மேலாளரின் அறை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. சுத்தமான மேஜை. அவர் எழுந்து நின்று வரவேற்றார்.

"எதுவா இருந்தாலும் ஒரு மெயில் போட்டிருக்கலாமே. நேர்ல வரணுமா?"

"பழக்கம்" என்றார் துப்பறிவாளர். "முப்பது விநாடியைப் பத்தா மாத்தினது எப்போ?"

மேலாளர் உட்கார்ந்தார். "அன்னிக்கு மதியம். முப்பது விநாடி காத்திருக்க ஜனங்களுக்குப் பொறுமை இல்லை. அனுப்பின மெயில் ஏன் இன்னும் போகலைன்னு புகார் மேல புகார். முறைப்படி சுற்றறிக்கை விட்டேன். நாலரை மணிக்கு, எல்லாருக்கும். அவருக்கும்தான். ஆதாரம் இருக்கு."

"காட்டுங்க."

மேலாளர் திரையைத் திருப்பினார். சுற்றறிக்கை இருந்தது. ஐந்து பேருக்குப் போயிருந்தது. நான்கு பேர் நான்கு நாற்பதுக்குள் படித்துவிட்டதாகக் காட்டியது. ஐந்தாவது வரியில் 'படிக்கப்படவில்லை' என்று இருந்தது.

"இவரு ஏன் படிக்கலை?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அலட்சியமா இருக்கலாம்."

"அலட்சியமில்லை. சுற்றறிக்கைகளைக் கட்டி வெச்சு ஆறு மணிக்குக் கொடுக்கற வசதியையும் அவருதான் சோதிச்சாரு. வேணும்னு எழுதியிருக்காரு. நீங்க நாலரைக்கு அனுப்பினது அவரு கண்ணுல பட ஆறு மணியாகும். ஆறு மணிக்கு அவரு பிணவறையில இருந்தாரு."

மேலாளர் மேஜை விளிம்பைத் துடைத்தார். அங்கே தூசி இல்லை.

"யாரு படிச்சாங்க, யாரு படிக்கலைன்னு இந்தத் திரை உங்களுக்குத்தான் காட்டுது" என்றார் துப்பறிவாளர். "அன்னிக்கு நீங்க பாத்தீங்களா, இல்லையா?"

வெளியே யாரோ தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. நின்றது.

"பாத்தேன்" என்றார் மேலாளர். "நாலு அம்பத்தெட்டுக்கு."

"அவரு எங்க உக்காந்திருந்தாரு?"

மேலாளர் கையைத் தூக்கி, கண்ணாடித் தடுப்பு வழியே தெரிந்த காலி நாற்காலியைக் காட்டினார். "அங்கதான். அவரு முதுகு எனக்குத் தெரிஞ்சுது. தலையைச் சொறிஞ்சுக்கிட்டிருந்தாரு."

"என்ன பண்ணீங்க?"

"ஞாபகப்படுத்தி அதே சுற்றறிக்கையை இன்னொரு தடவை மெயில்ல போட்டேன்."

குண்டூசி எழுந்தாள். ஏதாவது சொல்வாள் என்று துப்பறிவாளர் எதிர்பார்த்தார். மேலாளரின் மேஜையிலிருந்து கதவைத் திறந்துகொண்டு, சின்ன அடியாக வைத்து, அந்தக் காலி நாற்காலி வரை நடந்தாள். அதன் முதுகில் கை வைத்து நின்றாள். திரும்பி வந்தாள்.

"பன்னெண்டு அடி சார்."

மேலாளர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "பதினெட்டு வருஷமா இப்படித்தான்யா வேலை பாக்கறோம். எழுந்து போய்ச் சொல்லணும்னு தோணவே இல்லை. சத்தியமாத் தோணலை."

"அப்புறம் தோணியிருக்கணும். போலீஸ் வந்தப்போ."

"கடிதத்தைக் காட்டினாங்க. சோதனைக் கடிதம்னு எனக்கு உடனே புரிஞ்சுடுச்சு. சொன்னா, ஏன் போச்சுன்னு கேப்பாங்க. குடும்ப விஷயம், எனக்குத் தெரியாதுன்னுட்டேன்."

"ஒரு பொம்பளை பன்னெண்டு நாளா அந்தக் கடிதத்தை மடிச்சு வெச்சுக்கிட்டுத் திரியறா" என்றாள் குண்டூசி. "எந்த வீட்டுலயும் உள்ள விடாம."

துப்பறிவாளர் ஒரு வெள்ளைத் தாளை மேஜையில் வைத்தார். "நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கையாலயே எழுதுங்க."

மேலாளர் எழுதினார். கை எழுதிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. இரண்டு முறை பேனாவை உதறினார்.

பேருந்தில் குண்டூசி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நாலு நிறுத்தம் தாண்டியது.

"படித்த அறிவிப்பு வேண்டாம்னு எழுதினான் பாருங்க" என்றாள் கடைசியில். "அது சரிதான் சார். தெரிஞ்சும் ஒரு புண்ணியமும் இல்லை."

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் கருவி சுத்தம் செய்யும் பிரிவு இருந்தது. சூடும் சோப்பு வாசனையும் வாசல் வரை வந்தன. ஆறு மணிக்குப் பெண்கள் வெளியே வந்தார்கள். லாக்கர்கள் திறந்தன. எல்லாரும் போனை எடுத்துப் பார்த்தார்கள். அவள் மட்டும் எடுத்துப் பார்க்காமல் பையில் போட்டாள்.

மரப்பெஞ்சில் உட்காரவைத்து, துப்பறிவாளர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். விதி. இருபது கடிதங்கள். முப்பது பத்தானது. ஆறு மணிக்கு வரவேண்டிய கட்டு. பன்னிரண்டு அடி. அவள் நீராவியில் ஊறி வெளுத்த விரல்களை ஒன்றோடொன்று கோத்து மடியில் வைத்திருந்தாள்.

"கடிதம் போயிடுச்சுன்னு தெரிஞ்ச உடனே உங்களைக் கூப்பிட்டிருக்காரு. எடுக்கமாட்டீங்கன்னு தெரியும். நீங்க லாக்கரைத் திறக்கறதுக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. அதுக்குள்ள இங்க வந்து சேரணும். பஸ்ஸை நம்பலை. டாக்ஸி பிடிக்க ரோட்டைத் தாண்டினாரு. கண்ணாடி மேஜையிலயே இருந்துது. லாரி தெரியலை."

"அப்ப எங்கிட்டதான் வந்துக்கிட்டிருந்தாரா?"

"ஆமாம்மா. உங்ககிட்டதான்."

அவள் குனிந்து அழுதாள். பன்னிரண்டு நாள் அடக்கி வைத்திருந்தது. குண்டூசி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினாள். போகிறவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மேலாளர் எழுதிய தாளைக் குண்டூசி அவளிடம் கொடுத்தாள். "உங்க நாத்தனார் மூஞ்சிக்கு நேரா நீட்டுங்க அக்கா. எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். கஷ்டப்பட்டுப் படிக்கட்டும்."

அவள் அழுகைக்கு நடுவில் சிரித்தாள். தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். "தெய்வம் மாதிரி வந்தீங்க" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூன்று பேரும் எழுந்து நடந்தார்கள்.

நடைபாதையின் பாதியில் அவள் நின்றாள்.

முகத்தில் இருந்த தெளிவு கொஞ்சம் கொஞ்சமாகப் போவதைத் துப்பறிவாளர் பார்த்தார். எங்கே போய் நிற்கும் என்று அவருக்குப் பேருந்திலேயே தெரிந்திருந்தது. அவள் அவ்வளவு தூரம் யோசிக்கமாட்டாள் என்று நம்பியிருந்தார்.

"சார்."

"சொல்லுங்கம்மா."

"சோதனைக்கு எழுதினதுதான்னா, அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமே. நான் சிரிச்சுட்டுப் போயிருப்பேன்." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "எதுக்கு சார் அவரு அப்படி ஓடினாரு?"